பீடிங் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பிளைவுட்டில் செய்த அலமாரிக் கதவு மொழுக்கென்று நிற்கிறது, பழைய வீட்டுக் கதவு மாதிரி சட்டமும் பலகையுமாகத் தெரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஆசாரிகள் சொல்லும் வழி பீடிங். கதவின் முகத்தில் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நாலு பக்கமும் பூவேலை இழைத்த மெல்லிய கட்டையைச் சட்டமாக ஓட்டுவது. டிராயர் முகப்புக்கும் இதே வேலைதான். திருநெல்வேலி டவுன், பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கத்து பிளைவுட், ஹார்டுவேர் கடைகளில் இதற்கு இப்போது நாலு வகைச் சரக்கு கேட்கலாம்: தேக்கு, ரப்பர் மரம், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பாலிமர் (பிளாஸ்டிக்). நாலையும் ஒரே அளவுகோலில், அதாவது தினமும் திறந்து மூடும் கதவில் பத்து வருஷம் நிற்குமா என்று பார்த்து எழுதியது இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பாலிஷ் போடப்போகும் கதவுக்குத் தேக்கைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம். பெயின்ட் அடிக்கப்போகும் கதவுக்கு, கொடுக்கிற காசுக்கு ரப்பர் மரமே நல்ல சரக்கு. எம்.டி.எஃப். மாடி அறைக்கு மட்டும் சரி. பாலிமர் பீடிங் சுவருக்கென்று வந்தது, கதவுக்கு வேண்டாம்.

எந்த வகையானாலும், கடையில் எல்லோரும் பார்ப்பது மேல்முகத்துப் பூவேலையை. பார்க்க வேண்டியது பின்முகத்தை. பீடிங்கின் பின்முகம் தட்டையாக இல்லாவிட்டால் ரம்பத்தின் மேடையில் அது ஆடும். ஆடினால் 45 டிகிரி வெட்டு 45-ஆக விழாது. மூலை சேராது. கதவில் ஒட்டும்போதும் நடுவில் பசை பிடித்து இரண்டு ஓரமும் தூக்கி நிற்கும். அந்த நூலிடுக்கில் பாலிஷ் தேங்கிக் கருப்புக் கோடாகத் தெரியும். கடையின் கண்ணாடி மேசை மேல் பின்பக்கம் படும்படி வைத்து, இரு முனையையும் மாறி மாறி விரலால் அழுத்துங்கள். ஆடினால் முறுக்கல் இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். அடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். மேலும் கீழுமாக வளைந்த கட்டையை ஆணி அமுக்கிவிடும், அதனால் பாதகமில்லை. பக்கவாட்டில் வளைந்த கட்டை அமுங்காது. ஒரு இன்ச் அகலக் கட்டையைப் பக்கவாட்டில் நேராக இழுத்துப் பிடிக்க எந்தச் சின்ன ஆணியாலும் முடியாது.

மூன்றாவது சோதனையை ஏனோ யாரும் செய்வதில்லை. இரண்டு கட்டைகளின் முனையை முனையோடு ஒட்டவைத்து, சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டுப்பட்டால் அவை இரண்டும் ஒரே ஓட்டத்தில் இழைத்தவை இல்லை. கட்டர் மழுங்கிச் சாணை பிடித்த பிறகு அதே பூவேலை அரை மில்லி உயரம் மாறி வரும். அரை மில்லி வித்தியாசமுள்ள இரண்டு கட்டைகள் மூலையில் சந்திக்கும்போது கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் படி விழுந்து தெரியும். "அண்ணாச்சி, எல்லாம் ஒரே கட்டிலிருந்து எடுத்துத் தாங்க" என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

இனி வகைகளுக்கு வருவோம்.

தேக்கு பீடிங் பெரும்பாலும் நிலை, ஜன்னல் அறுத்த மீதியிலிருந்து இழைப்பது. அதனால் ஒரே கட்டுக்குள் வைரமும் இருக்கும், வெளிறும் இருக்கும். வைரம் என்பது மரத்தின் உள்ளே நிறம் ஏறிய கெட்டிப் பகுதி, வெளிறு என்பது வெளிப்பக்கத்து வெளுத்த பகுதி. தேக்கு உளுக்காது என்ற பேரெல்லாம் வைரத்துக்கு மட்டுமே பொருந்தும், வெளிறை வண்டு துளைக்கும். பாலிஷிலும் வெளிறு தனியாக வெள்ளைப் பட்டையாகக் காட்டிக்கொடுக்கும். கலர் ஏற்றி மறைத்துத் தருகிறேன் என்பார்கள், இரண்டு வருஷத்தில் மறைத்தது வெளியே வரும். பொறுக்கி எடுக்க விடாத கடையில் தேக்கு பீடிங் வாங்காதீர்கள். கட்டையின் நீளம் மரத்தைப் பொறுத்து மாறுகிறது, 6 அடியிலிருந்து 8 அடி வரை கலந்து கிடக்கும். நீளம் குறிப்பிட்டுக் கேளுங்கள். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மர மில்லில் சொல்லி இழைத்து வாங்க வசதி இருந்தால் அதுவே மேல். ஒரே மரம், ஒரே கட்டர், உங்கள் நீளம். பச்சை மரமாக இருந்துவிடக் கூடாது, அது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். வாங்கிய கட்டையைச் சுவரில் சாய்த்து வைக்காமல், கட்டாகவே தரையில் இரண்டு மூன்று குறுக்குக் கட்டை மேல் படுக்கவைத்து, கதவு மாட்டப்போகும் வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் பத்து நாள் கிடக்க விடுங்கள்.

உள்ளூர் ஆசாரிகள் சிலர் வேங்கையிலும் பீடிங் இழைத்துத் தருவார்கள். உறுதியான மரம், குறை சொல்ல முடியாது. ஆனால் வெள்ளை பெயின்ட் அடிக்கும் கதவுக்கு வேங்கை கூடாது. ஈரம் பட்டால் மஞ்சளாகச் சாயம் கக்கும். தண்ணீர் கலந்த பசை, பிரைமரின் ஈரமே அந்தச் சாயத்தைக் கிளப்பிவிடும்.

ரப்பர் மரம் குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிறது. பால் வற்றிய மரத்தை வெட்டி, மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தி, சிறு துண்டுகளை விரல் கோத்த மாதிரி இணைத்து நீளமாக்கியது. அந்த வளைவு நெளிவான இணைப்புக் கோடு பாலிஷில் தெரியும், பெயின்ட்டில் மறைந்துவிடும். உலர்ந்த துண்டுகளைச் சேர்த்தது என்பதால் முறுக்கல் குறைவு. பின்முகச் சோதனையில் நாலு வகையில் இதற்கே முதலிடம். வெட்டும்போது நார் பிய்வதும் தேக்கைவிடக் குறைவு. மருந்து ஏற்றாத ரப்பர் மரம் சீக்கிரமே உளுத்துக் கொட்டும் என்பதால், அதைக் கேட்டு உறுதி செய்யாமல் வாங்கக் கூடாது. ஏற்றிய மருந்தும் தண்ணீரில் கரைந்து போகக்கூடியது. ஆகவே குளியலறைக் கதவு, வாசல் பக்கம், சிங்க்குக்குக் கீழே வேண்டாம்.

எம்.டி.எஃப். பீடிங் வெள்ளை பிரைமர் அடித்தே வரும். 8 அடிக்கு 4 அடிப் பலகையிலிருந்து கீறுவதால் நீளம் எப்போதும் 8 அடி. நேராக இருக்கும், கணுக் கிடையாது, வெட்டினால் மூலை சுத்தமாகச் சேரும். வேலை நடக்கும் அன்றைக்கு இதைவிட அழகாக எதுவும் தெரியாது. சிக்கல் பிறகு வருகிறது. பிரைமர் மேல்முகத்தில் மட்டும்தான், வெட்டிய முனையும் பின்முகமும் வெறும் நார். மூலை வெட்டில் ஈரம் ஏறினால் உப்பும், உப்பியது காய்ந்தாலும் இறங்காது. அழுத்தி வைத்த நார் விரிந்துவிட்ட பிறகு அதைத் திரும்ப அமுக்க வழியில்லை. 2023 டிசம்பர் மழையில் தாமிரபரணி கரைமீறிச் சந்திப்பு, சிந்துபூந்துறைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அப்படித் தண்ணீர் ஏறும் தரைத்தளத்தில் மரத்தைக் கழுவிக் காயவைத்து மறுபடி பாலிஷ் போடலாம், எம்.டி.எஃப்.பைக் கழற்றித்தான் போட வேண்டும். கரையானுக்கும் இது எளிய இரை. மாடி படுக்கையறையில், வெட்டுமுனைக்கு இரண்டு கை பிரைமர் கொடுத்து அடித்தால் குறையில்லை.

பாலிமர் பீடிங்கை எடை குறைவு, கரையான் அரிக்காது, தண்ணீர் பட்டால் கவலையில்லை என்று சொல்லி விற்பார்கள். மூன்றும் உண்மை. சொல்லாமல் விடுவது வெயிலை. பிளாஸ்டிக் வெப்பத்தில் நீளும். கதவில் போகும் 2 மீட்டர் நீளத் துண்டு, 15 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்குச் சுமார் 2 மில்லி நீளும், சுருங்கும். மரம் நீளவாக்கில் அப்படி அசையவே அசையாது. மார்கழியில் ஒட்டிய மூலை சித்திரையில் முட்டித் தூக்குவதும், சித்திரையில் ஒட்டியது மார்கழியில் வாய் பிளப்பதும் இதனால்தான். மேற்குப் பார்த்த அறையில் இன்னும் மோசம். இன்னொன்று, இந்தச் சரக்கில் நிறைய பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. தின்னர் கலந்த எதுவும் அதைக் கரைக்கும். மைக்கா ஒட்டும் ரப்பர் பசை தடவினால் பின்பக்கம் அரித்துப் போகும், ஸ்ப்ரேயில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரோ பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சோ அடித்தால் பூவேலை இளகிச் சப்பையாகும். தண்ணீரில் கலக்கும் பிரைமரும் பெயின்ட்டும் மட்டுமே அதற்கு ஒத்துவரும். பின்னால் ஸ்டிக்கர் ஒட்டி வரும் ரகத்தைக் கதவில் ஒட்டுவது வீண் செலவு.

எவ்வளவு வாங்குவது? ஏழடி உயரம், ஒன்றரை அடி அகலக் கதவை எடுத்துக்கொள்வோம், 84-க்கு 18 இன்ச். நாலு பக்கமும் இரண்டரை இன்ச் விட்டு ஓட்டினால் நீளத்துண்டு 79 இன்ச், குறுக்குத்துண்டு 13 இன்ச். இரண்டும் சேர்ந்து 92. எட்டடிக் கட்டை 96 இன்ச். ஆக ஒரே கட்டையில் ஒரு நீளமும் ஒரு குறுக்கும் வந்து, ரம்பத்துக்கும் முனை சீராக்கவும் நாலு இன்ச் மிஞ்சும். கதவுக்கு இரண்டு கட்டை, நாலு கதவு அலமாரிக்கு எட்டு. ஏழடிக் கட்டை வாங்கினால் நீளத்துக்கே எட்டு போய்விடும், மிச்சமாகும் ஐந்து இன்ச் துண்டுகள் எதற்கும் உதவாது. குறுக்குக்குத் தனியாக இரண்டு வாங்க வேண்டும். ரன்னிங் அடிக் கணக்கில் 64 அடி எங்கே, 70 அடி எங்கே. எட்டடியில் இன்னொரு லாபமும் உண்டு: நீளமும் குறுக்கும் ஒரே கட்டையிலிருந்து வருவதால் மூலையில் பூவேலை அச்சாகப் பொருந்தும், தேக்கில் நிறமும் ஒத்துப்போகும். கணக்குக்கு மேல் ஒரு கட்டை கூடுதலாக வாங்கிப் பரணில் படுக்கவைத்துவிடுங்கள். பின்னால் ஒரு துண்டு பெயர்ந்தால் அதே பூவேலை கடையில் கிடைக்காது.

அந்த இரண்டரை இன்ச் விடுவது அழகுக்கு மட்டுமில்லை. கதவை மூடினால் வெளியே தெரியாத கப் கீலுக்குத் தோண்டும் 35 மில்லிக் குழி கதவின் ஓரத்திலிருந்து ஒன்றரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல் வரை போகும். 19 மில்லி பிளைவுட்டில் குழிக்குப் பின்னால் மிஞ்சுவது ஏழு மில்லிதான். பீடிங்கை ஓரத்துக்குப் பக்கமாக ஓட்டினால் ஆணி நேரே குழிக்குள் எட்டிப்பார்க்கும், கீல் உட்காராது. ஓரத்திலேயே பீடிங் வைத்தால் கதவின் கனம் கூடி, திறக்கும்போது பக்கத்துக் கதவிலோ சுவரிலோ இடிக்கும். தள்ளுகதவு என்றால் இரண்டு பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை முதலில் அளந்துகொள்ளுங்கள். பின்கதவில் ஓட்டும் பீடிங்கின் உயரம் அதைவிட இரண்டு மில்லியாவது குறைவாக இல்லாவிட்டால் அந்த வேலையைத் தொடவே கூடாது.

வெட்டு வேலைதான் முழுப் பணத்தையும் காப்பாற்றுவது, கெடுப்பது. ரம்பத்தில் அரை டிகிரி பிசகு இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு வெட்டு, ஆக ஒரு டிகிரி. மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்துவிட்டால் நாலாவது மூலையில் நாலு டிகிரியும் மொத்தமாக வந்து நிற்கும். ஒரு இன்ச் அகல பீடிங்கில் அது இரண்டரை மில்லி வாய். பட்டி வைத்து அடைத்தாலும் ஒரு கோடையில் விழுந்துவிடும். எனவே வேலையைத் தொடங்கும் முன் இரண்டு வேஸ்ட் துண்டை வெட்டி மூலைமட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரம்பத்தில் 60 பல்லுக்குக் குறையாத பிளேடு வேண்டும், 24 பல் பிளேடு மரத்தை நீளவாக்கில் வேகமாகக் கீற வைத்திருப்பது, அது பீடிங்கின் மெல்லிய விளிம்பைப் பிய்க்கும்.

கோணம் சரியாக இருந்தும் நாலாவது மூலை சேரவில்லை என்றால், எதிரெதிர்த் துண்டுகள் நீளத்தில் ஒன்றில்லை என்று பொருள். டேப்பை வைத்துத் தனித்தனியாகக் குறித்து வெட்டினால் இப்படி ஆகும். மேடையில் ஒரு தடைக்கட்டையை இறுக்கி, அதில் முட்டவைத்து இரண்டு நீளத்தையும், பிறகு இடம் மாற்றி இரண்டு குறுக்கையும் வெட்ட வேண்டும். கதவும் மட்டமாக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) வரை மாறினால் பரவாயில்லை, பீடிங்கைச் சரியான மட்டத்தில் ஓட்டிவிட்டால் ஓர இடைவெளியில் அந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. அதற்கு மேல் மாறினால் கதவைச் சீராக்கிய பிறகே பீடிங்.

கயிறு முறுக்கு, முத்து வரிசை மாதிரி திரும்பத் திரும்ப வரும் பூவேலையில் மூலையில் பாதி முத்தும் பாதி முத்தும் சந்தித்து அசிங்கமாகும். துண்டின் நடுவில் ஒரு முத்தின் மையம் வரும்படி வைத்து இருபுறமும் அளந்து வெட்டினால் நாலு மூலையும் ஒரே மாதிரி வரும். இல்லையென்றால் மூலையில் சின்னச் சதுரக் கட்டை வைத்து, பீடிங்கை 90 டிகிரியில் வெட்டி அதில் முட்ட விடலாம். பழைய கதவுகளிலும் இந்த முறை உண்டு, கண்ணுக்கு நன்றாகவே இருக்கும்.

ஒட்டும்போது பெவிகால் எஸ்.எச். போதும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்னால் பின்முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பசையை நடுவில் ஒரே கோடாக மட்டும் விடுங்கள். ஓரம் வரை தடவினால் பிதுங்கி வெளியே வரும், அது பட்ட இடத்தில் பாலிஷ் ஏறாமல் வெள்ளைத் திட்டு நிற்கும். பிதுங்கியதை உடனே துணியால் துடைத்தால் இன்னும் பரவும், அரைகுறையாக இறுகியதும் உளியால் சீவி எடுப்பது நல்லது. 10 மில்லி பீடிங், 19 மில்லி பிளைவுட் என்றால் 18 கேஜ் ஆணி 25 மில்லி. 30 வைத்தால் கதவின் உட்புறம் முனை வெளியே வந்து துணி கிழிக்கும். அரை அடிக்கு ஓர் ஆணி, மூலையிலிருந்து ஒரு இன்ச் தள்ளி முதல் ஆணி. பூவேலையின் பள்ளத்தில் அடித்தால் ஓட்டை மறையும், மேட்டில் அடித்தால் மறையாது. தேக்கு வைரத்தில் கையால் அடிப்பதாக இருந்தால் முதலில் ஒரு மில்லித் துளை போடாமல் அடிக்காதீர்கள், முனை பிளந்துவிடும்.

மைக்கா ஒட்டிய கதவில் எஸ்.எச். பிடிக்காது. பலரும் இதில் ஏமாறுகிறார்கள்: அடித்த அன்று ஆணி தாங்கிக்கொண்டிருக்கும், பசை ஒட்டியிருக்காது. பீடிங் உட்காரும் தடத்தை மட்டும் குறித்து, அதற்கும் ஒரு நூல் உள்ளேயே நிறுத்தி, 80 நம்பர் உப்புத்தாளால் மைக்காவின் பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு ரப்பர் பசை போடலாம். உறுதியான வழி கதவின் பின்பக்கமிருந்து ஸ்க்ரூ. 19 மில்லிப் பலகையில் 25 மில்லி ஸ்க்ரூ, தலை மட்டத்துக்கு அமுங்கினால் பீடிங்குக்குள் ஆறேழு மில்லி பிடிக்கும், முகத்தில் ஓட்டையே இருக்காது. நேரம் கூடுதல், கூலியும் கூடுதல், கொடுக்கலாம்.

டிராயருக்குக் கதவின் பீடிங்கையே போடுவது தவறு. 6 இன்ச் உயர முகப்பில் ஒரு இன்ச் அகல பீடிங் அடைத்துக்கொள்ளும். அதே பூவேலையில் அரை இன்ச் அகலம் வாங்கி, ஒரு இன்ச் உள்ளே தள்ளி ஓட்டினால் நடுவில் மூன்று இன்ச் வெறும் பரப்பு மிஞ்சும், கைப்பிடி அதில் நிம்மதியாக உட்காரும். 5 இன்ச்சுக்குக் குறைந்த முகப்பில் சட்டமே வேண்டாம். அதற்குப் பதில் விளிம்பைச் சுற்றி 3 மில்லிக் கனத் தேக்குப் பட்டையை, முகத்துக்கு மேல் ஒன்றரை அல்லது இரண்டு மில்லி எழும்பி நிற்கும்படி ஒட்டலாம். பட்டைக்காக முகப்பை நாலு பக்கமும் 3 மில்லி சீவ மறந்தால் டிராயர் உள்ளே போகாது. மூன்று டிராயர் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால், மூன்று முகப்பையும் இடத்தில் பொருத்தி வைத்துக்கொண்டு ஒரே நேராகக் குறியுங்கள். தனித்தனியாக மேசையில் வைத்துக் குறித்தால் ஒரு நூல் விலகினாலும் எதிரே நிற்பவர் கண்ணில் படும்.

சமையலறைக் கதவுக்குப் பூவேலை வேண்டாம் என்றே சொல்வோம். தாளிப்புப் புகையின் எண்ணெய் பள்ளத்தில் படிந்து தூசியோடு கெட்டிப்பட்டால் துணிக்கு எட்டாது. ஆசை விடவில்லை என்றால், பூவேலை இல்லாமல் உட்பக்கம் சரிவாகச் சீவிய தட்டைப் பட்டை போதும்.

பாலிஷ் வேலையில் வரிசை முக்கியம். கதவுக்கும் பீடிங்குக்கும் தனித்தனியாகத் தேய்ப்பு, சீலர் (மரத்தின் நுண்துளையை அடைக்கும் அடிப்பூச்சு) ஒரு கை முடித்துவிட்டு, பசை படும் தடத்தை மட்டும் டேப் ஒட்டிக் காத்து, அதன் பிறகு அடித்தால் உள்மூலையில் உப்புத்தாள் போட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆணி ஓட்டைக்குப் பெவிகாலில் குழைத்த மரத்தூள் வைப்பார்கள், அதில் பாலிஷ் ஏறாது. அதே கட்டையின் தூளைச் சீலரில் குழைத்து வைக்கச் சொல்லுங்கள். கதவின் உட்புறத்துக்கும் வெளிப்புறம் கொடுத்த அதே அளவு பாலிஷோ பெயின்ட்டோ கொடுக்காவிட்டால் ஏழடிக் கதவு ஒரு பக்கமாக வளையும், பீடிங் மேல் பழி விழும்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் திறந்த வெளியில் ஸ்ப்ரே செய்தால் பூவேலையின் பள்ளமெல்லாம் மணல் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்.சி. லாக்கர் காயும்போது ஈரத்தை இழுத்து வெளுத்துவிடும். தை, மாசி இந்த வேலைக்கு வாகான மாதங்கள். மழைக்காலத்திலேயே முடித்தாக வேண்டும் என்றால் மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரைச் சாதாரணத் தின்னரோடு சேர்த்து, வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.